உருட்டுக்கட்டை எப்படி 'உட்டன் லாக்' ஆனது? அடிக்கிற பொருள்களின் ஆங்கிலப் பெயர்களும் அவை கிளப்பும் குழப்பமும்

சேலத்தில் ஓர் அடிதடி நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அம்மாப்பேட்டைப் பக்கம், பைக் நிறுத்துகிற இடத்துக்காக இரண்டு வீட்டாருக்குள் தகராறு. ஒருவருக்குத் தலையில் அடி, ஆறு தையல். மறுநாள் தமிழ் நாளிதழில் 'உருட்டுக்கட்டையால் தாக்குதல்' என்று செய்தி வருகிறது. ஆங்கில நாளிதழில் அதே பொருள் 'உட்டன் லாக்'. அரசு மருத்துவமனையில் கொடுத்த விபத்துப் பதிவேட்டு நகலில், அதாவது எல்லோரும் ஏ.ஆர். காப்பி என்று சொல்லும் தாளில், 'பிளன்ட் ஆப்ஜெக்ட்'. எஃப்.ஐ.ஆரைப் பார்த்தால் 'ஆபத்தான ஆயுதத்தால் காயம் ஏற்படுத்துதல்' என்ற பிரிவு.

அடித்தது ஒரே கட்டைதான். பெயர் மட்டும் நான்கு. இதைப் பார்க்கிற வீட்டார் முதலில் கேட்பது, "பிளன்ட் என்று போட்டிருக்கிறார்களே, கேஸ் வலுவில்லாமல் போய்விடுமா?" என்பதுதான். போகாது. ஆனால் ஏன் போகாது என்று புரிய, இந்தச் சொற்கள் ஒவ்வொன்றும் எந்தக் கேள்விக்குப் பதில் என்று தெரிய வேண்டும்.

## ஒரு கட்டை, மூன்று கேள்விகள்

1. அது என்ன பொருள்? இது பார்த்தவர் சொல்ல வேண்டியது. கம்பா, ராடா, ரீப்பரா, செங்கல்லா என்பது இங்கே வரும்.

2. அது உடம்பில் என்ன செய்தது? இது மருத்துவரின் கேள்வி. வெட்டியதா, குத்தியதா, நசுக்கியதா என்பதுதான் அவருக்கு முக்கியம். 'பிளன்ட்' என்ற சொல் இந்தக் கேள்விக்கான பதில்.

3. அதனால் உயிர் போயிருக்கக்கூடுமா? இது சட்டத்தின் கேள்வி. 'ஆபத்தான ஆயுதம்' என்பது இங்கே பிறக்கிறது.

மூன்றும் தனித்தனி. ஒரு பொருள் மருத்துவருக்கு 'பிளன்ட்' ஆகவும் சட்டத்துக்கு 'ஆபத்தானது' ஆகவும் ஒரே நேரத்தில் இருக்கலாம். நான்கு கிலோ சம்மட்டியைவிட பிளன்டான பொருள் ஏது?

## 'மழுங்கிய ஆயுதம்' என்ற மொழிபெயர்ப்புதான் முதல் வில்லன்

'பிளன்ட்' என்பதைத் தமிழில் 'மழுங்கிய ஆயுதம்' என்று எழுதிப் பழகிவிட்டோம். செய்தியிலும் அப்படித்தான், சில குற்றப்பத்திரிகைகளிலும் அப்படித்தான். தமிழில் மழுங்குவது எது? கூராக இருந்த ஒன்று. அரிவாள்மணை மழுங்கும், கத்தி மழுங்கும், பென்சில் முனை மழுங்கும். உலக்கை மழுங்காது, அதற்கு மழுங்குவதற்குக் கூர் என்று எதுவும் இல்லை. ஆகவே 'மழுங்கிய ஆயுதத்தால் தாக்கினார்' என்று படிக்கிறவர் மனதில் துருப்பிடித்த ஒரு பழைய அரிவாள்தான் வருகிறது. கூர் போனது என்றால் வீரியமும் போனது என்று மனம் தானாகவே கணக்குப் போட்டுவிடுகிறது.

ஆங்கிலத்தில் 'பிளன்ட்' இரண்டுக்கும் பொது. கூர் போனதும் பிளன்ட், பிறக்கும்போதே கூர் இல்லாததும் பிளன்ட். மருத்துவர் எழுதுவது இந்த இரண்டாவது பொருளில். 'விளிம்போ முனையோ இல்லாத கடினமான பொருள்' என்று விரித்து எழுதினால் குழப்பமே வராது, ஆனால் தலைப்பில் இடம் போதாது என்பார்கள்.

இன்னொரு வேடிக்கை. ஆங்கிலத்தில் ஒருவரை 'பிளன்ட்' என்றால் மனதில் பட்டதைப் பட்டென்று சொல்கிறவர் என்று பொருள். நாம் அதே ஆளைச் சொல்ல 'வெட்டு ஒன்று, துண்டு இரண்டு' என்கிறோம். அவர்களுக்கு மொட்டையாகப் படுவது நமக்குக் கூராகப் படுகிறது. 'புத்தி மழுங்கியவன்' என்றால் தமிழில் அது வேறு ஆள். அகராதியில் ஒற்றைச் சொல்லுக்கு ஒற்றைச் சொல் தேடினால் இப்படித்தான் கவிழும்.

அரிவாளையே எடுத்துக்கொள்வோம். 'அரிவாளைத் திருப்பிப் போட்டு அடித்தான்' என்று புகார்களில் வரும். கையில் இருந்தது வெட்டும் ஆயுதம், பட்டது அதன் பின்புறம். காயம் பிளன்ட் வகை. புகாரில் 'அரிவாள்', ஏ.ஆர். காப்பியில் 'பிளன்ட்' என்று இருந்தால் ஒன்று பொய் என்று அர்த்தமில்லை.

## காயம் என்ன சொல்கிறது

விளிம்பில்லாத பொருள் உடம்பில் நான்கு வகைத் தடத்தை விடும்.

1. சிராய்ப்பு. மேல்தோல் மட்டும் உரிவது.

2. ஊமைக்காயம். தோல் கிழியாமல் உள்ளே ரத்தம் கட்டுவது. ஆங்கிலத்தில் 'கன்ட்யூஷன்'. வெளியே வாய் திறந்து சொல்லாத காயம் என்பதால் ஊமை. இந்த விஷயத்தில் தமிழ்ச் சொல் ஆங்கிலச் சொல்லைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும்.

3. கிழிகாயம். 'லேசரேஷன்' என்று ஏ.ஆர். காப்பியில் இருக்கும். அழுத்தம் தாங்காமல் தோல் பிய்ந்து திறப்பது.

4. எலும்பு முறிவு.

இதில் மூன்றாவதில்தான் குழப்பம் அதிகம். ரத்தம் கொட்டுகிறது, தையல் போட்டிருக்கிறார்கள், ஆகவே வெட்டுக்காயம் என்று வீட்டார் நினைக்கிறார்கள். ஆங்கிலப் பத்திரிகைகளும் கத்திக் காயத்துக்கு 'லேசரேஷன்' என்று தாராளமாக எழுதுகின்றன. தடயவியல் மருத்துவத்தில் இந்த இரண்டும் எதிரெதிர் வகை. கத்தி வெட்டியது 'இன்சைஸ்ட் ஊண்ட்', அதாவது வெட்டுக்காயம். லேசரேஷன் என்றால் கூரில்லாத பொருள் கிழித்தது.

தலையில் இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பது கடினம். மண்டைத்தோலுக்கு அடியில் சதை அதிகமில்லை, நேராக எலும்பு. தடியால் அடித்தால் தோல் இரண்டுக்கும் நடுவில் சிக்கி, பிளேடால் கீறியது போல நேர்கோட்டில் பிளக்கும். மருத்துவர் லென்ஸ் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். வெட்டுக்காயத்தில் முடி சுத்தமாக அறுபட்டிருக்கும், தடியடியில் முடி நசுங்கியிருக்கும். வெட்டில் காயத்தின் அடிவரை எல்லாம் துண்டாகியிருக்கும், தடியடியில் காயத்தின் இரு கரைக்கும் நடுவே மெல்லிய இழைகள் பாலம் மாதிரி அறுபடாமல் நிற்கும். கரைகளைச் சுற்றி ரத்தம் கட்டியிருக்கும். அவசரப் பிரிவில் ரத்தத்தைத் துடைத்துத் தையல் போட்ட பிறகு இதில் பாதி போய்விடும் என்பதால், முதலில் பார்த்தவர் எழுதுகிற இரண்டு வரிக்கு அவ்வளவு மதிப்பு.

முதுகிலோ தொடையிலோ கம்பு பட்டால் இன்னொரு அடையாளம் வரும். கம்பு விழுந்த இடத்தில் ரத்தம் இரண்டு பக்கமும் தள்ளப்படுகிறது. நடுவில் வெளிறி, இரு ஓரத்திலும் சிவப்பாக இரண்டு இணைகோடுகள். ஆங்கிலத்தில் இதற்கு 'ட்ராம் லைன்' என்று பெயர். சேலத்தில் ட்ராம் ஓடியதில்லை, ஜங்ஷன் தண்டவாளத்தை நினைத்துக்கொள்ளலாம். அந்த இரண்டு கோட்டுக்கு நடுவே உள்ள அகலம் ஏறக்குறைய கம்பின் தடிமனைக் காட்டிக்கொடுக்கும். அதேபோல் சுத்தியல் மாதிரிச் சிறிய முகம் உள்ள பொருள் மண்டையோட்டில் பட்டால், எலும்பு அந்த முகத்தின் வடிவத்திலேயே உள்ளே அமுங்கும். ஆயுதம் தன் கையெழுத்தைப் போட்டுவிட்டுப் போன மாதிரி என்று அதற்கும் ஆங்கிலத்தில் ஒரு பெயர் உண்டு, 'சிக்னேச்சர் ஃபிராக்ச்சர்'.

ஊமைக்காயத்தின் நிறமும் பேசும். முதலில் சிவப்பு, பிறகு நீலம், நான்கைந்து நாளில் பழுப்பும் பச்சையும், ஒரு வாரத்துக்குப் பின் மஞ்சள் என்று மாறி, இரண்டு வாரத்தில் மறையும். நேற்று அடித்ததாகச் சொல்லி மஞ்சள் காயத்தைக் காட்டினால் மருத்துவர் புருவத்தைத் தூக்குவார்.

## கட்டையை ஆங்கிலத்தில் எழுதும்போது நடப்பது

சரி, இனி முதல் கேள்விக்கு வருவோம். தமிழ்நாட்டில் புகாரும் எஃப்.ஐ.ஆரும் தமிழில். ஏ.ஆர். காப்பியும் காயச் சான்றிதழும் ஆங்கிலத்தில். கீழ் நீதிமன்றத்தில் சாட்சி தமிழில் பேசுகிறார், மருத்துவரின் சான்று ஆங்கிலத்தில் நிற்கிறது, மேல்முறையீடு உயர் நீதிமன்றம் போனால் எல்லாமே ஆங்கிலம். ஒரு கட்டை இந்த வழியில் மூன்று நான்கு தடவை மொழி மாறுகிறது. மாறும்போது கொஞ்சம் தடித்தோ மெலிந்தோ போய்விடுகிறது.

ஏ.ஆர். காப்பியின் முதல் வரிக்கு ஒரு வாய்ப்பாடு உண்டு. 'இன்ன இடத்தில், இன்ன நேரத்தில், தெரிந்த இரண்டு நபர்கள் இன்ன பொருளால் தாக்கியதாகச் சொல்லப்படுகிறது'. காயப்பட்டவர் அல்லது கூட வந்தவர் தமிழில் சொல்வதை, பணியில் இருக்கும் மருத்துவர் அந்த நேரத்தில் மனதில் வருகிற ஆங்கிலச் சொல்லில் எழுதுகிறார். நள்ளிரவு, வரிசையில் இன்னும் பத்துப் பேர். அங்கே அகராதி பார்க்க யாருக்கும் நேரமில்லை. அப்படி நிலைத்துவிட்ட சில சொற்களைப் பார்க்கலாம்.

உருட்டுக்கட்டை. கைக்கு அடக்கமான, உருண்டையான, இரண்டு மூன்று அடி மரத்துண்டு. போலீஸ் ஆங்கிலத்தில் இது 'உட்டன் லாக்'. இங்கிலாந்துக்காரர் ஒருவர் இதைப் படித்தால் திகைப்பார். 'லாக்' என்பது வெட்டிச் சாய்த்த அடிமரம். அல்லது அடுப்புக்கு வெட்டிப்போட்ட விறகுத் துண்டம். ஏற்காட்டிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் முனகிக்கொண்டே இறங்கி வரும் லாரியில் சங்கிலி போட்டுக் கட்டியிருக்கிறதே சில்வர் ஓக் மரம், அதுதான் லாக். அதை ஓங்கி ஒருவர் தலையில் அடிக்க பீமன் வர வேண்டும். உருட்டுக்கட்டைக்குச் சரியான ஆங்கிலம் 'கட்ஜல்' அல்லது 'கிளப்'. ஆனால் 'கிளப்பால் அடித்தார்' என்று எழுத நம் ஊரில் எந்த மருத்துவருக்கும் கை வராது.

ரீப்பர். ஓட்டு வீட்டுக் கூரையில் ஓடு உட்காரும் மெல்லிய நீளச் சட்டம். மரக்கடையில் ரீப்பர் என்று கேட்டால்தான் கொடுப்பார்கள், தீர்ப்புகளிலும் 'உட்டன் ரீப்பர்' என்றே வருகிறது. இங்கிலாந்தில் இதற்கு 'பேட்டன்' என்று பெயர். அவர்களிடம் 'ரீப்பர்' என்றால் கதிர் அறுக்கிற ஆள், இல்லாவிட்டால் கையில் அரிவாளோடு வருகிற எமன்.

ராடு. நம்மிடம் கான்கிரீட் கம்பியும் ராடு, குழாயும் ராடு, ஷட்டர் இழுக்கிற கொக்கியும் ராடு. ஆங்கிலத்தில் 'ராட்' மெலிந்தது, மீன் பிடிக்கிற கோல் அளவுக்கு. அங்கே இதே செய்தியில் 'அயர்ன் பார்' என்று எழுதுவார்கள். உருக்காலை இருக்கிற ஊர் என்பதால் சேலத்துச் செய்திகளில் ராடு அதிகம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், நம் உருக்காலையில் உருட்டுவது எவர்சில்வர் தகடு.

கடப்பாரை. 'க்ரோபார்' என்று எழுதுவது நம் வழக்கம். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் க்ரோபார் என்றால் ஆணி பிடுங்க நுனி வளைந்து பிளந்திருக்கும் கைக்கருவி. காக்கைக்கும் அதற்கும் உள்ள தொடர்பே அந்த நுனிதான். நம் கடப்பாரை ஆள் உயரத்துக்கு நேராக நிற்கும், குழி தோண்ட. அதன் நுனியால் குத்தினால் குத்துக்காயம், தண்டால் அடித்தால் பிளன்ட். எப்படிப் பிடித்து எந்தப் பக்கத்தால் என்று புகாரில் ஒரு வார்த்தை இல்லாவிட்டால் பின்னால் சிக்கல்.

குழவி. இதுதான் பெரிய வம்பு. 'கிரைண்டிங் ஸ்டோன்' என்று எழுதிவிடுகிறார்கள். அது அம்மியா, அம்மிக்குழவியா, ஆட்டுக்கல்லா, ஆட்டுக்கல்லின் குழவியா? 'கிரைண்ட்ஸ்டோன்' என்று சேர்த்து எழுதினால் அது கத்திக்குச் சாணை பிடிக்கிற கல். அம்மியைத் தூக்குவதும் குழவியைத் தூக்குவதும் ஒன்றா?

உலக்கைக்கும் இதே கதி. 'பெஸ்ல்' என்றால் ஆங்கிலேயர் நினைப்பது மருந்து இடிக்கிற விரல் நீளக் குழவி. நாலரை அடி மரத்தில் இரும்புப் பூண் போட்டதை அவர் பார்த்திருக்க மாட்டார்.

சம்மட்டி, சுத்தியல், கொட்டாப்புளி மூன்றும் தப்பித்தவை. 'ஸ்லெட்ஜ் ஹாமர்', 'ஹாமர்', 'மேலட்' என்று ஒன்றுக்கு ஒன்று கச்சிதமாகப் பொருந்தும். தச்சனும் கொல்லனும் எல்லா ஊரிலும் ஒரே வேலையைச் செய்கிறார்கள் போல. ஆனால் வெள்ளிப் பட்டறைக்காரர் கையில் இருக்கும் சின்னச் சுத்தியும் கல் உடைக்கிறவர் கையில் இருப்பதும் ஏ.ஆர். காப்பியில் ஒரே 'ஹாமர்' ஆகிவிடலாம்.

இந்த ஊரில் இருந்தபடியே கலைச்சொல்லுக்காக மெனக்கெட்டவர் ராஜாஜி. சேலத்தில் வழக்கறிஞராக இருந்த காலத்தில், 1916-இல், அறிவியல் சொற்களைத் தமிழாக்க ஒரு சங்கமே அமைத்தார். ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வருகிற பாதை அது. தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகிற உருட்டுக்கட்டையைப் பற்றி அன்றும் யாரும் கவலைப்படவில்லை.

## சட்டம் எதைப் பார்க்கிறது

பழைய வழக்குகளில் 294(பி), 323, 324, 506(2) என்று எண்கள் ஒரு மந்திரம் போல வரிசையாக வரும். அவை இந்தியத் தண்டனைச் சட்டத்தின் பிரிவுகள். 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதில் பாரதிய நியாய சன்ஹிதா. அதே வரிசை இப்போது 296(பி), 115(2), 118(1), 351(3). புதுச் சட்டத்தில் அடி சம்பந்தமானவை இவை.

1. 115(2): சாதாரணக் காயம். ஓராண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இது மட்டும் என்றால் மாஜிஸ்திரேட் அனுமதி இல்லாமல் போலீஸ் விசாரணையில் இறங்க முடியாது. புகார் வாங்கிக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதோடு மட்டும் பலர் திரும்பி வருவது இதனால்தான்.

2. 118(1): அதே சாதாரணக் காயம், ஆனால் ஆபத்தான ஆயுதத்தால். மூன்றாண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இதில் போலீஸ் நேரடியாக எஃப்.ஐ.ஆர். போடலாம்.

3. 117(2): கொடுங்காயம். ஏழாண்டு வரை சிறை, அபராதமும் உண்டு.

4. 118(2): ஆபத்தான ஆயுதத்தால் கொடுங்காயம். குறைந்தது ஓராண்டு, அதிகபட்சம் ஆயுள்.

கொடுங்காயம் எது என்று 116-ஆவது பிரிவு எட்டு வகை சொல்கிறது. கண் பார்வை, காது கேட்கும் திறன் போவது எல்லாம் அதில் உண்டு. அடிதடிகளில் அதிகம் வருவது ஏழாவது, எலும்போ பல்லோ முறிவது அல்லது பிசகுவது. ஒரு பல் போனாலே கொடுங்காயம். எட்டாவது, 15 நாள் கடும் வலியில் கிடப்பது அல்லது அன்றாட வேலையைச் செய்ய முடியாமல் போவது. பழைய சட்டத்தில் இது 20 நாள். காயச் சான்றிதழில் 'சிம்பிள்' என்று எழுதியிருந்தால், இந்த எட்டில் சேரவில்லை என்றுதான் பொருள். வலிக்கவில்லை என்று யாரும் சொல்லவில்லை.

இப்போது 118-இல் வரும் 'ஆபத்தான ஆயுதம்'. சுடுவது, குத்துவது, வெட்டுவது எல்லாம் நேரடியாக உள்ளே. அதோடு ஒரு வாசகம் இருக்கிறது: ஆயுதமாகப் பயன்படுத்தினால் மரணம் ஏற்படுத்தக்கூடிய எந்தக் கருவியும். தடி, ராடு, கல் எல்லாம் உள்ளே வருவது இந்த வாசல் வழியாகத்தான். வருமா வராதா என்பது பொருளின் பெயரைப் பொறுத்ததல்ல, அதன் தன்மையைப் பொறுத்தது. 2005-இல் கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில், கல்லால் அடித்தவருக்குப் பழைய சட்டத்தின் ஆபத்தான ஆயுதப் பிரிவான 326-இல் தண்டனை கொடுத்திருந்தார்கள். உச்ச நீதிமன்றம் கல்லின் அளவைப் பார்த்தது. இதை ஆபத்தான ஆயுதம் என்று சொல்ல முடியாது என்று, வெறும் கொடுங்காயப் பிரிவான 325-ஆகக் குறைத்தது. எலும்பு முறிந்தது உண்மை, ஆனால் கல் சிறியது. சாட்சி 'கல்' என்று மட்டும் சொன்னால் நீதிமன்றத்துக்குப் போதாது, எவ்வளவு பெரிய கல் என்று தெரிய வேண்டும்.

'லாக்' தொந்தரவு இங்கேதான் கடிக்கிறது. புகாரில் 'குச்சி', ஏ.ஆர். காப்பியில் 'லாக்', குற்றப்பத்திரிகையில் 'மரக்கட்டை' என்று இருந்தால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக் கேட்பார். குச்சியா கட்டையா? மூன்றும் ஒரே பொருளின் மூன்று மொழிபெயர்ப்பு என்பதை விளக்க அரசு வழக்கறிஞர் பாடுபட வேண்டும். புகார் கொடுக்கும்போதே 'கையில் பிடிக்கிற தடிமன், மூன்றடி நீளம், சவுக்குக் கட்டை' என்று சொல்லிவிட்டால் யார் எப்படி மொழிபெயர்த்தாலும் அளவு மாறாது.

படைக்கலச் சட்டம் வேறு. 1959-ஆம் ஆண்டின் அந்தச் சட்டம் ஆயுதத்துக்கு வரையறை கொடுக்கும்போது, வீட்டுக்கும் விவசாயத்துக்கும் மட்டுமே செய்யப்பட்ட பொருள்களை விலக்குகிறது. உதாரணமாக அது சொல்வது லத்தியையும் சாதாரணக் கைத்தடியையும். ஏற்காட்டில் விடியலில் காபித் தோட்டத்துக்குப் போகிறவர், வழியில் காட்டெருமை நின்றால் என்ன செய்வது என்று ஒரு தடியோடு போகிறார். அதற்கு லைசென்ஸ் வேண்டாம். அதே தடி ஒருவர் மண்டையில் விழுந்தால் 118 வரும். வைத்திருப்பது ஒரு சட்டம், அடிப்பது ஒரு சட்டம்.

## 'அசால்ட்' என்றால் அடிப்பது இல்லை

வினைச்சொல்லிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. பேச்சு ஆங்கிலத்தில் 'அசால்ட்' தாக்குதல். ஏ.ஆர். காப்பியிலும் அந்தப் பொருளில்தான் எழுதுகிறார்கள். சட்டத்தில், 130-ஆவது பிரிவில், அசால்ட் என்பது அடிக்கப் போகிறான் என்று எதிராளி அஞ்சும்படி கை ஓங்குவது அல்லது அதற்கு ஆயத்தமாவது. கை படவே வேண்டாம். பட்டு வலித்தால் அது 'ஹர்ட்', வேறு பிரிவு. இங்கிலாந்துச் சட்டத்தில் பட்டதற்கு 'பேட்டரி' என்று பெயர். ஆங்கிலப் படங்களில் 'அசால்ட் அண்ட் பேட்டரி' என்று ஜோடியாக வருவது இதுதான். நம் தண்டனைச் சட்டத்தில் 'பேட்டரி' என்ற பெயரில் குற்றம் கிடையாது. சேலத்துத் தமிழில் 'அசால்ட்டா' என்றால் அலட்சியமாக, சர்வ சாதாரணமாக என்று அர்த்தம் என்பதை வேறு சேர்த்துக்கொண்டால் தலை சுற்றும்.

போலீஸ் அடித்தால் 'லத்தி சார்ஜ்', தமிழில் தடியடி. லத்தி இந்தியிலிருந்து ஆங்கிலம் போய் அகராதியில் உட்கார்ந்த சொல். 'சார்ஜ்' இங்கே கட்டணம் அல்ல, பாய்ந்து முன்னேறுவது. வெளிநாட்டுச் செய்தியில் இதையே 'பேட்டன் சார்ஜ்' என்பார்கள். ரீப்பருக்குச் சொன்ன பேட்டன் வேறு, இது வேறு, எழுத்தும் ஆங்கிலத்தில் வேறு. தமிழில் எழுதும்போது இரண்டும் ஒன்றாகிவிடுகிறது.

## ஆங்கிலத்தின் சொந்தத் தடிகள்

நாம் தடியை வடிவத்தாலும் பொருளாலும் பிரிக்கிறோம்: கம்பு, கழி, கோல், கட்டை, தடி, குண்டாந்தடி. ஆங்கிலம் பெரும்பாலும் யார் கையில் இருக்கிறது என்று பார்த்துப் பெயர் வைக்கிறது. போலீஸ் கையில் இருந்தால் 'ட்ரன்ச்சன்' அல்லது 'பேட்டன்', அமெரிக்காவில் 'நைட்ஸ்டிக்'. திருடன் சட்டைக்குள் ஒளித்து வைத்தால் 'காஷ்'. சண்டைக்காரக் கிராமத்தான் எடுத்தால் 'கட்ஜல்'. கொலையாளி எடுத்தால் 'பிளட்ஜன்'. மன்னனும் அவைத்தலைவரும் வைத்திருந்தால் 'மேஸ்'. விரல்களில் மாட்டிக்கொண்டு குத்துவது 'நக்கிள் டஸ்டர்'. டஸ்டர் என்றதும் கரும்பலகையும் பறந்து வருகிற சாக்பீஸ் தூளும் நினைவுக்கு வந்தால் தப்பில்லை.

இவற்றில் 'கிளப்' தான் ஊர் சுற்றியது. தலைப்பக்கம் தடித்த அடிதடிக் கட்டை அது, பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்தது. கட்டையின் தலையில் மரம் திரண்டிருப்பது போல ஆட்கள் திரண்டால் அதுவும் கிளப். அங்கிருந்து சங்கம், அங்கிருந்து நம் ஊர் காபி கிளப். சேவராயன் மலைக்குக் காபியை 1820-களில் கலெக்டர் காக்பர்ன் கொண்டுவந்தார், அதைக் குடிக்கிற இடத்துக்கு அடிதடிக் கட்டையின் பெயர் வந்து சேர்ந்தது. நீதிமன்றத்தில் 'இரண்டு மனுவையும் கிளப் பண்ணி விசாரிக்கலாம்' என்பதும் அதே திரட்சிதான்.

சீட்டுக்கட்டிலும் ஒரு கிளப் இருக்கிறது. ஸ்பானிய, இத்தாலியச் சீட்டில் நான்கு ஜாதியில் ஒன்று தடி, உண்மையான தடிப் படம். ஆங்கிலேயர் பெயரை அங்கிருந்தும் படத்தைப் பிரெஞ்சுக்காரரிடமிருந்தும் எடுத்தார்கள். பிரெஞ்சுப் படம் மூன்று இலை. ஆகவே படத்தில் இலை, பெயரில் தடி. நாம் படத்தை நம்பி 'கிளாவர்' என்றோம். இந்த ஒரு இடத்தில் நம் திண்ணை ஆட்டக்காரர்கள்தான் சரி.

'மேஸ்' என்றால் அனுமன் கையில் இருக்கும் கதாயுதம். லண்டன் காமன்ஸ் சபை மேசையில் மேஸ் இல்லாமல் சபை கூட முடியாது. 2023 மே மாதம் புது நாடாளுமன்றத்தில் வைத்த செங்கோல் இது அல்ல, அதற்கு 'செப்டர்' என்று பெயர். செங்கோல் ஆள்வதற்கு, மேஸ் ஆதியில் மண்டையை உடைப்பதற்கு. லீ பஜாரில் மசாலாக் கடையில் மேஸ் என்று கேட்டால் ஜாதிபத்திரி தருவார்கள், எழுத்து ஒன்று, வேர் வேறு. அமெரிக்காவில் 1960-களில் ஒரு கம்பெனி கண்ணில் அடிக்கிற ஸ்பிரேவுக்கு இதே பெயரை வைத்தது. இப்போது ஆங்கிலச் செய்தியில் ஒருவரை 'மேஸ் செய்தார்கள்' என்று வந்தால் கதாயுதத்தால் அடித்தார்கள் என்று மொழிபெயர்த்துவிடக் கூடாது.

அடிப்பது என்ற வினையிலிருந்து வந்த 'பேட்டர்' இன்னும் வீட்டுக்குள் இருக்கிறது. கடையில் பாக்கெட்டில் வாங்குகிற தோசை மாவு பேட்டர், அடித்துக் கலக்கியது என்பதால். சின்னப்பம்பட்டி நடராஜன் பந்து போடுவதும் பேட்டருக்குத்தான், 2021-இல் கிரிக்கெட் விதிகளில் 'பேட்ஸ்மேன்' என்பது அப்படி மாறியது. 'பேட்' என்பதே பழைய ஆங்கிலத்தில் தடி. நன்றாகக் குடித்துச் சாய்ந்தவரை ஆங்கிலத்தில் 'ஹாமர்ட்' என்பார்கள், நாம் 'மட்டையாயிட்டான்' என்கிறோம். அவர்களுக்குச் சுத்தியல், நமக்கு மட்டை. 'டேக் அப் தி கட்ஜல்ஸ்' என்று ஆங்கிலத் தலையங்கத்தில் வந்தால் ஒருவருக்காக வரிந்துகட்டிக்கொண்டு இறங்குவது, யாரும் கட்டையை எடுக்கவில்லை.

## கூண்டில் நடக்கிற இரண்டு கேள்வி

விசாரணையில் கட்டை மேசைமேல் வரும்போது அதற்கு ஒரு சீட்டு கட்டியிருக்கும், எம்.ஓ. 1 என்று, அதாவது முதல் சான்றுப் பொருள். உருட்டுக்கட்டை, லாக், மரக்கட்டை எல்லாப் பெயரும் அங்கே போய்விடும். அரசு வழக்கறிஞர் மருத்துவரிடம் கேட்பார், "இந்தக் காயம் எம்.ஓ. 1 போன்ற ஆயுதத்தால் ஏற்பட்டிருக்கக்கூடுமா?" மருத்துவர் "ஏற்பட்டிருக்கலாம்" என்பார். எதிர்த்தரப்பு எழுந்து, "கரடுமுரடான தரையில் விழுந்தாலும் இப்படி ஏற்படலாம், சரிதானே?" என்பார். பல வழக்கில் அதற்கும் மருத்துவர் "ஏற்படலாம்" என்றுதான் சொல்ல முடியும், தரையும் பிளன்ட் தான். தண்டவாளக் கோடு போட்ட ஊமைக்காயம் முதுகில் இருந்தால் மட்டும் அந்தப் பதில் அவ்வளவு சுலபமாக வராது, தரை அப்படி இரண்டு கோடு போடுவதில்லை.